பன்னிரண்டாவது கிருஷ்ணன்

1998 வாக்கில் தடா நெடுஞ்சாலையில் போனவர்கள் கல்பனாவின் கைவேலையைப் பார்த்திருப்பார்கள். சுவர் சுவராகக் குளிர்பான பாட்டில்கள். கழுத்தில் வழியும் நீர்த்துளியைப் பார்த்தாலே தாகம் எடுக்கும். வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து இறங்கிய காலம். பாலசமுத்திரம் காலனியில் கூலி வேலை செய்யும் தேவேந்திரனின் மகள், சாரத்தில் ஏறி நின்று அவர்களுக்கு விளம்பரம் வரைந்தாள்.

கிருஷ்ணன் கதை அவளுக்கு வந்தது ஒலிபெருக்கி வழியாக. மார்கழி தோறும் ஊருக்குள் புராணம் படிப்பார்கள். காலனிக்காரர்களுக்கு அங்கே உட்கார இடமில்லை. ஆனால் மரத்தில் கட்டிய குழாய்க்குச் சாதி தெரியாது. அது எல்லோர் காதிலும் பேசியது. கல்பனாவுக்குப் பிடித்த இடம் ராசலீலை. வட்டமாக ஆடும் கோபியர் ஒவ்வொருத்தி பக்கத்திலும் ஒரு கிருஷ்ணன். ஒருவனே பலராகி நிற்கிறான், எவளும் விடுபடவில்லை. கடவுளை நம்பாதவர்களும் ஒப்புக்கொள்ளக்கூடிய கணக்கு இது.

ஊரில் புதுக் கல்யாண மண்டபம் எழுந்தது. அதற்குச் செங்கல் சுமந்தவர்களில் பாதிப் பேர் காலனிக்காரர்கள். மணமேடையின் பின்சுவரில் ராசலீலை வரையக் கமிட்டித் தலைவர் தாமோதரன் கல்பனாவை அழைத்தார். அதே வாரம் அவளுக்கும் வெதுருகுப்பத்து லாரி டிரைவர் சுதீருக்கும் கல்யாணம் நிச்சயமானது. தேவேந்திரன் தாமோதரனிடம் மண்டபம் கேட்டுப் போனார்.

"பத்தாந்தேதியா? புக் ஆயிடுச்சிப்பா."

வேறு இரண்டு தேதி சொன்னார். அவையும் புக் ஆகியிருந்தன. மண்டபம் இன்னும் திறக்கவே இல்லை! கிடையாது என்று சொல்லாமலே கதவைச் சாத்துவதில் நம் ஊர்களுக்குப் பல நூறு ஆண்டுப் பயிற்சி உண்டு.

"உடு நைனா," என்றாள் கல்பனா. "நா வரைஞ்சி முடிக்கிறேன், அப்பறம் பாக்கலாம்."

இருபது நாள் வரைந்தாள். திறப்பு விழாவன்று திரையை விலக்கியதும் நிலா வெளிச்சத்தில் பன்னிரண்டு கோபியர் ஆடினார்கள். காதோரம் சரிந்த பூ, வேர்த்த நெற்றி, கிறங்கிய கண். பெண்கள் ஜோடி ஜோடியாகக் காட்டி ஒருவரையொருவர் இடித்துச் சிரித்தார்கள். தாமோதரனின் மனைவி வெங்கடலட்சுமி விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார்.

"ஏம்மா கல்பனா, இவளுக்கு எங்க கிருஷ்ணன்? கைய நீட்டிக்கினு தனியா நிக்கிறா பாரு!"

"மறந்துட்டியா?" என்றார் தாமோதரன்.

"மறக்கலீங்க. அவருக்கு அந்தத் தேதி புக் ஆயிடுச்சாம்."

பின்னால் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், சிரிப்பு கூரை வரை போனது.

தாமோதரனுக்கு முகம் சிவந்தது. "திருப்பதில ஆள் இல்லியா? நாளைக்கே கூட்டியாந்து வரைய வைக்கிறேன்."

"கூட்டியாங்க. வேற கை பட்டா அந்த ஒரு கிருஷ்ணன் மட்டும் தனியா தெரிவான். பாக்கறவங்க ஏன்னு கேப்பாங்க. நீங்கதான் பதில் சொல்லணும்."

வெங்கடலட்சுமியின் மகள் அலர்மேல்மங்கைக்கு அந்த மாதக் கடைசியில் அதே மேடையில் கல்யாணம். வெங்கடலட்சுமி கணவர் பக்கம் திரும்பிக் குறுக்கே புகுந்தார்.

"தொண இல்லாத பொண்ணு பின்னால நிக்க, எம் பொண்ணுக்குத் தாலியா? ஏமண்டி, கதையில அவரு எவளையும் உடலியே, நீங்க யாரு உடறதுக்கு? கல்பனா, உனுக்கு என்னா வேணும், சொல்லு."

"பத்தாந்தேதி மண்டபம். தாலி ஏறினதும் வரையறேம்மா."

"இப்பவே வரைஞ்சிடேன்."

"இப்ப வரைஞ்சா தேதி மறுபடி புக் ஆயிடும்."

வெங்கடலட்சுமி கணவரின் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். வாசலுக்கு வெளியே நின்ற கல்பனாவின் அம்மா பாப்பாத்தியின் கையில் கொண்டுபோய் வைத்தார்.

அவர் மனம் திருந்திவிட்டார் என்று எழுத ஆசைதான். மகளுக்குச் சகுனம் கெட்டுவிடும் என்ற பயம்தான் காரணம். மூடநம்பிக்கை ஒரு நல்ல காரியம் செய்ததை ஒப்புக்கொள்ளக் கசக்கிறது. ஆனாலும் சாவி கைமாறியது உண்மை.

அந்த மண்டபத்தின் முதல் கல்யாணம் காலனிக் கல்யாணம். தாலி ஏறியதும் கல்பனா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். சுதீர் கழுத்தில் மாலையோடு நீலப் பெயிண்ட் டப்பாவை ஏந்தி நின்றான். சாப்பிட்டவர்கள் கை கழுவாமலே மேடை முன்னால் வந்து கூடினார்கள். தாமோதரன் வரவில்லை. வெங்கடலட்சுமி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் என் ஜாடையில வரையேன்," என்றான் சுதீர்.

"மீசை வச்ச கிருஷ்ணன எங்கனா பாத்துக்கிறியா? டப்பாவ ஆட்டாம புடி."

"பொண்ணு காலையிலேர்ந்து ஒண்ணும் துன்னலியே," என்று கீழே இருந்து புலம்பினாள் பாப்பாத்தி.

"கை மட்டும்தாம்மா பாக்கி."

நீட்டியிருந்த அந்தக் கைக்குள் நீல விரல்கள் வந்து சேர்ந்தன. யாரும் சொல்லாமலே மேளக்காரர் கெட்டிமேளம் கொட்டினார்.