ஈரம் காயவைக்கும் மந்திரம்

கத்தாரிலிருந்து மாமா கொண்டுவந்தவற்றில் எனக்குப் பிடித்தது இருபது முகமுள்ள தாயக்கட்டைதான். அங்கே விடுதியில் கூட இருந்த பிலிப்பைன்காரர்களிடம் அதை வைத்து ஆடும் ஒரு விளையாட்டைப் பழகியிருந்தார். பலகை இல்லை, காய் இல்லை. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அதற்குள் புகுந்து வாயாலேயே சண்டை பிடிக்க வேண்டும். அடி பலித்ததா இல்லையா என்பதை உருட்டிய கட்டை சொல்லும்.

அந்த முறை என் அக்காவுக்கு, ராத்தாவுக்கு, ஒரு மாப்பிள்ளையும் பார்த்து வந்திருந்தார். அங்கே அவருடைய மேற்பார்வையாளர், மனைவியை மௌத்துக்குப் பறிகொடுத்தவர், வயதில் வாப்பாவுக்குக் கொஞ்சம்தான் இளையவர். ராத்தாவைக் கொடுத்தால் என் அண்ணன் நாநாவுக்குக் கத்தார் விசா. உப்பளத்தில் கால் வெடித்துப்போன வாப்பா மறுக்கவில்லை. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ராத்தாவிடம் யாரும் கேட்கவில்லை. எனக்குக் கலியாணச் சோறு கிடைத்தால் போதும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். மாமா மந்திரங்களைப் பங்கிட்டார். நாநாவுக்கு இடி, எனக்கு நெருப்பு.

"மகளுக்கு ஈரத்தக் காயவைக்கிற மந்திரம். உடுப்புக் கழுவுற புள்ளைக்கி அது போதும்" என்று ராத்தாவைப் பார்த்துச் சிரித்தார். அது சின்ன மந்திரமாம்; கட்டைகூட உருட்ட வேண்டாம், சொன்னால் பலிக்குமாம்.

"இது சூனியம் இல்லத்தானே தம்பி?" என்று உம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்.

"சும்மா வெளாட்டு ராத்தா" என்றார் மாமா; உம்மா அவருக்கு ராத்தா.

கதையில் ஒரு கோட்டை வந்தது. வாசலில் அரக்கன். கலியாணமாகாத குமர் ஒன்றை அவனுக்கு விட்டுக்கொடுத்தால் மற்ற எல்லாரும் உள்ளே போகலாம்.

"குடுத்துட்டுப் போங்களேன். எல்லாருக்கும் லேசு" என்றார் மாமா. நாநா சிரித்தான். நான் நெருப்பை வைத்துக்கொண்டு என் முறைக்குத் தவித்தேன்.

ராத்தா தலையைத் தூக்காமல் சொன்னாள்: "நான் அவனைக் காயவைக்கிறேன்."

"அவன் என்ன சாரமா? துணியத்தான் காயவைக்கலாம்."

"ஈரம்னுதான் செல்லினீங்க மாமா. மனிசனுக்குள்ள ஈரம் இல்லையா? மொதல்ல கண்ணு காயும். இமை மூட ஏலாது. பொறகு நாக்கு. பொறகு ரத்தம். வாப்பாட சட்டை காஞ்சா வெள்ளையா பூக்குமே, அப்புடி தோல் மேல உப்புப் பூக்கும். கட்டை உருட்டத் தேவையில்லத்தானே?"

நாநாவின் வாய் திறந்தபடி நின்றது. எனக்கு என் நாக்கே வறண்டது. கோழிக்குஞ்சு செத்தாலும் அழுகிறவள், எங்கள் ராத்தா. இப்போது அவள் கண் மாமாவை விட்டு அசையவில்லை.

"அரக்கன் முடிஞ்சான். இனிச் செல்லுங்க மாமா."

மாமா வாயைத் துடைத்தார். கட்டையை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டார். அடுப்படி வாசலில் அரிசி களைந்த ஈரக்கையோடு உம்மா நின்றிருந்தார்.

"தம்பி, அந்த மாப்பிள்ளைக்கி வேற இடம் பாருங்க" என்றார்.

நாநா விசா இல்லாமல் உப்பளத்துக்குப் போனான். நான் எட்டாம் வகுப்போடு ஊரை விட்டுப் புறப்பட்டு, எங்கெங்கோ வேலை செய்து திரிந்தேன். அன்று நான் பாயில் விழுந்து அழுதது வேறொன்றுக்கு. என் நெருப்புக்கு முறையே வரவில்லை. போதாததற்கு, கதையில் அரக்கன் செத்ததற்காக என் கலியாணச் சோறு ஏன் போக வேண்டும்?