ஊறுகாய்க் கட்டம்

ஷரீஃபுன்னிசா டீச்சருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அந்தத் தாழ்ந்த குரலுக்குத்தான் எங்கள் தலைமையாசிரியர் பார்த்தசாரதி பயப்படுவார். வெளியே காட்டிக்கொள்ளமாட்டார், பாவம்.

ஆவடியில் எங்களுடையது சின்னப் பள்ளிக்கூடம். எண்பத்தாறில் ஷரீஃபுன்னிசா பூந்தமல்லியிலிருந்து பஸ் ஏறி வந்து இரண்டாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்தார். அதுவரை அந்த வகுப்பை எடுத்துக்கொண்டிருந்த நான், ஜெகதாம்பாள், அந்த வருஷம்தான் மூன்றாம் வகுப்புக்கு மாறியிருந்தேன்.

பிராக்ரஸ் கார்டின் அடியில் 'பாட்டு, ஓவியம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதற்கு மார்க் கிடையாது, 'நன்று' என்று எழுதினால் போதும். இலையோரத்துச் சங்கதி என்பதால் நாங்கள் அதை ஊறுகாய்க் கட்டம் என்போம். பரீட்சைக்கு முன்பே, டீ குடித்துக்கொண்டே, ஐம்பது பிள்ளைகளுக்கும் 'நன்று' போட்டு முடித்துவிடுவோம். வெட்கமாக இருந்ததா என்றால், இல்லவே இல்லை.

இந்த மனுஷி மட்டும் அதற்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுத் தனியே பாடச் சொல்லி, வரையச் சொல்லி, நோட்டில் குறித்துக்கொண்டார். வேறு வேலை கிடையாதா என்று நாங்கள் கேலி பண்ணினோம். கணக்கை ஒவ்வொருத்தராகச் சோதிக்கிற நீங்கள் பாட்டை மட்டும் ஏன் கும்பலாகச் சோதிக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார்.

அவர் வகுப்பில் பொன்னியம்மா என்று ஒரு பெண். அப்பா நாகப்பன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். இரண்டாம் வகுப்பில் அவளுக்கு அது இரண்டாம் வருஷம். கூப்பிட்டால் திரும்பமாட்டாள், சொன்னதைச் செய்யமாட்டாள், மக்கு என்று எல்லோரும் முடிவு கட்டியாயிற்று. இந்தத் தடவையும் தேறாவிட்டால் பெயரை அடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகப் பார்த்தசாரதி சொல்லியிருந்தார்.

அவள் அம்மாவை வரைந்தாள். முகத்தில் பாதியை வாயே அடைத்திருந்தது. அப்பாவுக்கும் அப்படி, டீச்சருக்கும் அப்படி. நான் பார்த்துச் சிரித்தேன், ஷரீஃபுன்னிசா சிரிக்கவில்லை. அடுத்தது பாட்டு. டீச்சர் பாடுகிற வரியைத் திருப்பிப் பாட வேண்டும். பொன்னிக்குச் சொல் வந்தது, ராகம் வரவில்லை. டீச்சர் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு அடுத்த வரியைப் பாடினார். குழந்தை பேசாமல் நின்றது. பின்னால் போய்க் கை தட்டினார், அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஊறுகாய்க் கட்டத்தில் சிவப்பு மையில் எழுதினார்: 'வாயைப் பார்த்துப் பாடுகிறாள். காதைச் சோதிக்க வேண்டும். ஓவியத்தில், தான் கவனிப்பதை அப்படியே வரைகிறாள்.'

பார்த்தசாரதி குதித்தார். இன்ஸ்பெக்‌ஷன் வருகிற நேரத்தில் இது கார்டா, ஆஸ்பத்திரிச் சீட்டா என்றார். அடித்துவிட்டு 'நன்று' போடச் சொன்னார்.

"கார்டை மாத்தமாட்டேன் சார். வேணும்னா என்னை மாத்துங்க" என்றார் ஷரீஃபுன்னிசா, குரல் தாழ்ந்து.

மெமோ கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். மறுநாள் நாகப்பனை வரவழைத்தார்கள். அவருக்கு வேறு கவலை.

"செவுடுன்னு எழுதிக்கீறீங்களே டீச்சர், நாளைக்கு எவன் இத்த கட்டிக்குவான்?"

"மக்குன்னு எழுதினா மட்டும் கட்டிக்குவாங்களா?"

பார்த்தசாரதி விடவில்லை. போன வருஷத்துக் கார்டை எடுத்து நாகப்பனிடம் நீட்டினார். பாட்டு, ஓவியம்: நன்று. கீழே என் கையெழுத்து. என்னைக் கூப்பிட்டு, பன்னிரண்டு வருஷ சர்வீஸ் உள்ள நீங்கள் எழுதியது பொய்யா என்று கேட்டார்.

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். இல்லை என்று தலையாட்டினால் என் மானம் தப்பும், பொன்னியின் பெயர் போகும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"பொய்தான் சார். அந்தப் பொண்ணு பாடி நான் கேக்கவே இல்ல. கேக்காமதான் எழுதினேன்."

நாகப்பன் இரண்டு கார்டையும் மாறி மாறிப் பார்த்தார். என்னுடையதை மேஜைமேல் போட்டுவிட்டு, சிவப்பு மைக் கார்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பெரியாஸ்பத்திரிக்கு எந்த ரயிலில் போக வேண்டும் என்று ஷரீஃபுன்னிசாவிடம் கேட்டார். நானும் வருகிறேன் என்று டீச்சர் தன் பையை எடுத்தார். லீவு கிடையாது என்றார் பார்த்தசாரதி.

"இன்னொரு மெமோ எழுதி வைங்க சார். வந்து வாங்கிக்கிறேன்."

பொன்னியின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விட்டார். இரண்டு காதும் மந்தம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு பெயரை அடிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஜூன் மாதம் பொன்னி காது மெஷினை மாட்டிக்கொண்டு மூன்றாம் வகுப்புக்கு, என்னிடம் வந்தாள். முதல் வாரமே மேஜையருகே நிறுத்திப் பாடச் சொன்னேன். முழுசாகக் கேட்டேன். ராகம் பாதிதான் வந்தது. பாதி என்றே எழுதினேன்.