மாசிலாமணி பாட வந்த வெள்ளிக்கிழமை

மெட்டில்டா கூவி மீன் விற்றதில்லை. பாடித்தான் விற்றாள். சினிமாப் பாட்டு, அதிலும் மாசிலாமணி பாடியது மட்டும். மற்றவர்கள் பாடுவதெல்லாம் தொண்டையில் முள் சிக்கினவன் பாடுவது போல இருக்கிறது என்பது அவள் தீர்ப்பு. மாப்பிள்ளையூரணியில் சங்கரம்மாள் வீட்டு முற்றத்தில் பனையோலைக் கடவத்தை இறக்கி வைத்து, வெளமீனைச் செதில் சுரண்டிக்கொண்டே பாடுவாள். சோகப் பாட்டாக இருந்தால் அன்றைக்குக் கரையில் மீன் விலை ஏறிவிட்டது என்று சங்கரம்மாள் தெரிந்துகொள்வாள். துள்ளல் பாட்டு என்றால் பேரம் பேசலாம்.

அவளுக்கு அப்போது நாற்பத்தோரு வயது. புருஷன் ஹென்றி சரக்குத் தோணியில் போகிறவன். வீட்டுக்கு வருகிற நாட்களை விட வராத நாட்கள் அதிகம். மூன்று பிள்ளைகளின் சோறும் சட்டையும் பள்ளிக்கூடமும் அந்தக் கடவத்திலிருந்துதான் வந்தன. அதைப் பற்றி அவள் அலுத்துக்கொண்டு யாரும் பார்த்ததில்லை. காலையில் தூத்துக்குடி திரேஸ்புரம் கரையில் மீன் எடுத்து, ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து, மாப்பிள்ளையூரணியில் இறங்கி, பத்து மணிக்குள் விற்று முடித்து, திரும்பி வந்து உலை வைத்துவிடுவாள்.

அவளும் கடவுளும் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள். விபூதிப் புதனிலிருந்து, ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாள் வரை, நாற்பது நாள் தபசு காலம். திரேஸ்புரத்தில் அந்த நாட்களில் கல்யாணம் கிடையாது, மேளம் கிடையாது. பெண்கள் ஆளுக்கொன்றை விட்டுவிடுவார்கள். அடுத்த வீட்டு விக்டோரியா வெற்றிலையை விடுவாள். விடுவதற்குப் பிடித்த பொருளாக இருக்க வேண்டும் என்பதில் மெட்டில்டா கறாராக இருந்தாள்.

"எனக்குப் பாவக்காயே புடிக்காது. அத விட்டுட்டேன்னு சொன்னா சாமி சிரிக்க மாட்டாராளா?" என்பாள்.

ஆகவே அவள் மாசிலாமணியை விட்டாள். தபசு காலம் முழுக்க அவர் பாட்டைப் பாடுவதுமில்லை, கேட்பதுமில்லை. சொரிமுத்துவின் டீக்கடை ரேடியோவில் அவர் குரல் வந்தால் தெருவின் அந்தப் பக்கத்துக்குப் போய்விடுவாள். சொரிமுத்து சிவன் கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் கடவம் தூரத்தில் தெரிந்ததும் ரேடியோவின் காதைத் திருகிச் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

எழுபத்தோராம் வருஷம் பொங்கல் முடிந்த கையோடு அந்தப் பிரச்சினை வந்தது. பஸ்ஸில் மீன் தண்ணீர் சொட்டி ஒருவர் வேட்டி நனைந்துபோனது. அவர் ஆபீசுக்குப் போகிறவர், சும்மா விடவில்லை. மறுநாள் கண்டக்டர் அய்யாக்குட்டி வாசலில் கையை நீட்டி மறித்தான்.

"எக்கா, இனிமே மீன் கடவம் ஏத்தக்கூடாதுன்னு மொதலாளி உத்தரவு."

"மேல போடுதேன், மேல."

"மேல போட்டாலும் சன்னல் வழியா சொட்டுதுக்கா. ஆளு மட்டும்னா ஏறு."

"மீன் இல்லாம நான் மாப்பிள்ளையூரணிக்குப் போயி என்ன, ஊர் சுத்திப் பாக்கவா?"

பஸ் போய்விட்டது. அந்தத் தடத்தில் அந்த ஒரு பஸ்தான். பக்கவாட்டில் 'சண்முகவடிவு' என்று சிவப்பில் எழுதியிருக்கும்; முதலாளி மந்திரமூர்த்தியின் தாயார் பெயர். பதினான்கு பெண்கள் அன்றிலிருந்து நடந்தார்கள். ஒன்றரை மணி நேரம் வெயிலில் நடந்து போய்ச் சேரும்போது சாளை மீனின் வயிறு வெடித்திருக்கும். "ஏளா, என்ன மீன் கண்ணு இப்படிச் செவந்து கெடக்கு?" என்று சங்கரம்மாளே முகத்தைச் சுளித்தாள். இதற்குள் சைக்கிளில் ஒருவன் மீன் கொண்டுவர ஆரம்பித்திருந்தான். இப்படியே சித்திரை வெயில் வரைக்கும் போனால் மாப்பிள்ளையூரணி தன் கையை விட்டுப் போய்விடும் என்று மெட்டில்டாவுக்குத் தெரிந்தது. அவள் மந்திரமூர்த்தியின் ஆபீசுக்கே போய்க் கேட்டாள்.

"பாப்போம் தாயி" என்றார் அவர். பார்க்கவில்லை.

பிறகு தேர்தல் வந்தது. மந்திரமூர்த்தி சுயேச்சையாக ஏணிச் சின்னத்தில் நின்றார். நாடார் கடைவீதியில் அவருக்கு மரியாதை உண்டு. கடற்கரைப் பக்கம் ஓட்டு வேண்டும். அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்: மெட்ராஸிலிருந்து மாசிலாமணியைக் கூட்டி வந்து திரேஸ்புரம் கரையில் பாட வைப்பது.

செய்தி வந்த அன்று டீக்கடையில் யாருக்கும் இருப்பே கொள்ளவில்லை.

"மாசிலாமணி ஒரு பாட்டு பாடினா பத்தாயிரம் ஓட்டுல்லா!"

"பாடுதவன் சொன்னான்னு ஓட்டுப் போட்டிருவியால?"

"போடமாட்டேன். ஆனா பாக்கப் போவேன்."

"அவருக்குத் தூத்துக்குடியில எந்த ரோட்டுல குழி கெடக்குன்னு தெரியுமாவே? ஏணிக்குப் போடுன்னு எப்படிச் சொல்லுதாரு?"

"ஏணிக்கும் குழிக்கும் சம்பந்தம் இருக்குல்லா. விழுந்தா ஏறி வரணும்லா."

சிரிப்புக்கு நடுவே சொரிமுத்து மட்டும் சுவரொட்டியில் இருந்த தேதியைத் திரும்பப் படித்தார். பிப்ரவரி இருபத்தாறு, வெள்ளிக்கிழமை மாலை. மந்திரமூர்த்தியின் ஆட்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்து, ராகுகாலம் தள்ளி, வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று குறித்திருந்தார்கள். விபூதிப் புதன் அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் வருகிறது என்று பஞ்சாங்கத்தில் இல்லை. திரேஸ்புரத்தில் யாரையாவது ஒருவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். யாரையும் கேட்கவில்லை.

"ஏளா, நாப்பது நாள் கழிச்சு வந்திருக்கக் கூடாதா ஒன் ஆளு?" என்று விக்டோரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நீ போவமாட்டதானே?"

"ஏன் போவாம? இருவது வருசமா அந்த மொகத்தப் பாக்கணும்னு இருக்கேன். மொகத்தப் பாக்கதும் தபசுல சேத்தியா?" என்றாள் மெட்டில்டா. பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்: "அதோட எனக்கு அங்கன ஒரு சோலி இருக்கு."

அன்று மாலை கோயிலில் சிலுவைப் பாதை ஜெபம் முடிந்ததும் சனம் முக்காடு எடுக்காமல் அப்படியே கரைக்கு வந்தது. மேடையில் குழல் விளக்கு, ஏணிப் படம், நாற்காலியில் கதர்ச் சட்டையோடு மந்திரமூர்த்தி. மாசிலாமணி வந்ததும் கூட்டம் எழும்பிப் பார்த்தது. சுவரொட்டியில் இருந்ததை விடக் குள்ளம். நல்ல சிவப்பு. பட்டு ஜிப்பா.

அவர் முதல் பாட்டைப் பாடினார். முடித்ததும் கையெடுத்துக் கும்பிட்டுக் கைதட்டலுக்காகக் காத்திருந்தார். அலைச் சத்தம் மட்டும் கேட்டது. எங்கோ ஒரு குழந்தை கை தட்டியது. அதன் கையில் ஒரு அடி விழுந்தது.

அடுத்ததாக அவர் எடுத்தது மெட்டில்டாவின் பாட்டு. துள்ளல் பாட்டு, சங்கரம்மாள் வீட்டு முற்றம் முழுக்க நிறைகிற பாட்டு. மெட்டில்டா கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் 'அருள் நிறைந்த மரியே' சொல்ல ஆரம்பித்தாள். வேகமாகச் சொன்னாள். இரண்டாவது சரணம் வருவதற்குள் ஜெபம் அந்தப் பாட்டின் தாளத்திலேயே போய்க்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. மாதா மன்னித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பாதிப் பாட்டில் மாசிலாமணி கையை உயர்த்தி வாத்தியங்களை நிறுத்தினார். மேடையிலேயே வாழ்ந்தவர், கூட்டத்தின் மௌனம் அவருக்குப் புரியாமல் இருக்காது.

"என் பாட்டில ஏதாவது தப்பாம்மா? கை தட்டாத ஊரை இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

மெட்டில்டா எழுந்து நின்றாள்.

"பாட்டுல ஒரு குத்தமும் இல்லைய்யா. இது எங்களுக்குத் தபசு காலம். பாஸ்கு வரைக்கும் நாங்க பாட்டு கேக்கது இல்ல."

அவர் திரும்பி மந்திரமூர்த்தியைப் பார்த்தார். மந்திரமூர்த்தி தன் ஆட்களைப் பார்த்தார். ஆட்கள் கடலைப் பார்த்தார்கள்.

"அப்புறம் எதுக்கும்மா இவ்வளவு பேர் வந்தீங்க?"

"ஒங்கள கண்ணால பாக்கதுக்கு."

கூட்டம் சிரித்தது. மாசிலாமணியும் சிரித்துவிட்டார். "பாட்டு வேண்டாம்னா எனக்கு வேற ஒண்ணும் தெரியாதேம்மா. நான் என்ன செய்யட்டும்?"

"ஒரு உவகாரம் செய்யுங்க. நீங்க அண்ணாச்சிக்கு ஓட்டுக் கேட்டு வந்திருக்கிய. அண்ணாச்சி பஸ்ஸுல எங்க மீன் கடவத்த ஏத்த மாட்டேங்காங்க. நாங்க பதினாலு பேரும் நடக்கோம். நான் கேட்டா 'பாப்போம்'ங்காங்க. நீங்க கேட்டுச் சொல்லுங்க."

மாசிலாமணி மைக்கோடு அப்படியே திரும்பினார். "ஏத்தறதில்லையாண்ணாச்சி?" அவர் மெதுவாகத்தான் கேட்டார். ஒலிபெருக்கி அதைக் கரை முழுக்கக் கேட்டது.

மந்திரமூர்த்தி எழுந்து வந்து மைக்கைப் பிடித்தார். "தாய்மார்களே, நான் ஜெயிச்சு வந்தா, மறுநாளே நம்ம பஸ்ஸுல..."

"நிப்பாட்டுங்க அண்ணாச்சி" என்றாள் மெட்டில்டா. "ஜெயிச்சா ஏத்துவிய, தோத்தா எறக்கிருவியளா? எங்க சாளைக்கும் ஒங்க ஏணிக்கும் என்ன சம்பந்தம்? அந்த 'ஜெயிச்சா'வ எடுத்துட்டுச் சொல்லுங்க."

இப்போது கூட்டத்தில் ஆண்கள் பக்கமிருந்து விசில் வந்தது. மந்திரமூர்த்தி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"வேட்டியெல்லாம் நாறிப்போவுதுன்னு ஆளுக சண்டைக்கு வாராங்க தாயி. அதையும் பாக்கணும்லா."

"அது நியாயம். கடவத்துக்கு அடியில தகரத்தட்டு வச்சுக் கொண்டாருதோம். ஒரு சொட்டு விழுந்தாலும் நானே எறங்கிருதேன்."

அவரும் வியாபாரிதான். நல்ல பேரம் எது என்று தெரியாதவர் இல்லை. "சரி. நாளைக்குக் காலம்பற மொத பஸ்ஸுல இருந்து ஏத்திக்கிடுதேன்" என்றார்.

"ஐயா, நீங்களும் ஒரு தரம் சொல்லிருங்க" என்றாள் மெட்டில்டா. "நீங்கதான் சாட்சி."

"நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸிலிருந்து மீன் கடவம் ஏறும்" என்று மாசிலாமணி மைக்கில் சொன்னார். அந்தக் குரலில் கேட்டபோது அதுவும் ஒரு பாட்டு மாதிரிதான் இருந்தது. அப்போதுதான் திரேஸ்புரம் கை தட்டியது. தபசில் பாட்டுக்குத்தான் தடை என்று ஆளாளுக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு தட்டினார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் விக்டோரியா காதைக் கடித்தாள். "ஏளா, ஒன் ஆளு காருக்குப் போம்போது பாத்தியா? கைக்குட்டைய மூக்குல வச்சிட்டுல்லா போனாரு. கருவாட்டு வாசம் தாங்கலையாம்."

"பாடுத மூக்கு. பத்திரமா வச்சிருக்காரு. அதுல ஒனக்கு என்ன?" என்றாள் மெட்டில்டா.

மறுநாள் கடவங்கள் ஏறின. தகரத்தட்டுகள் கலகலவென்று சத்தம் போட்டன, தண்ணீர் சொட்டவில்லை. மந்திரமூர்த்தியின் ஆட்களுக்குச் சந்தோஷம். பதினான்கு கடவம், பதினான்கு குடும்பம், அவர்களின் சொந்தக்காரர்கள் என்று கணக்குப் போட்டார்கள்.

ஓட்டு எண்ணியபோது ஏணி மூன்றாவதாக வந்தது. மாசிலாமணியைப் பார்க்க வந்த கூட்டத்தில் பாதிகூட ஓட்டாக மாறவில்லை. "அவரு சொன்னாரு, நாம கேட்டுக்கிட்டோம். யாருக்குப் போடணும்னு நமக்குத் தெரியாதா?" என்றார் சொரிமுத்து.

அடுத்த நாள் காலையில் அய்யாக்குட்டி மறுபடி கையை நீட்டினான்.

"எறக்குங்கக்கா. மொதலாளி தோத்துட்டாரு."

"அவரு தோத்தாரு. பஸ்ஸு ஓடுதுல்லா?"

"கடற்கரையில ஒருத்தரும் ஏணிக்குப் போடலையாம். பொறவு என்ன கடவம்?"

"இத அண்ணாச்சி சொன்னாங்களா, நீயா சொல்லுதியா?"

அய்யாக்குட்டி டிரைவரைத் திரும்பிப் பார்த்தான். மெட்டில்டா தட்டோடு கடவத்தை உள்ளே தள்ளி, அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "ஆபீசு போற வழியிலதானே இருக்கு. அங்கன நிப்பாட்டு. அண்ணாச்சி வாயால கேட்டுட்டு எறங்குதேன்."

பின்னால் பதின்மூன்று பேரும் ஏறினார்கள். பஸ்ஸில் இருந்த ஒருவர், "நேரமாவுது, எடுப்பா" என்று கத்தினார்.

மந்திரமூர்த்தி ஆபீஸ் வாசலில் சவரம் செய்யாத முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். அய்யாக்குட்டி இறங்கிப் போய் விஷயத்தைச் சொன்னான். அவர் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். மெட்டில்டா எழவில்லை, அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"'ஜெயிச்சா'ன்னு சொல்லவிடலையே நீ" என்றார் அவர்.

"ஆமா அண்ணாச்சி."

அவர் அய்யாக்குட்டியிடம் திரும்பினார். "ஊரறிய மைக்குல சொன்னதுல்லா. எங்க அம்மை பேரு எழுதியிருக்க வண்டி. பேச்சு மாற முடியுமா? தட்டு இருக்கான்னு மட்டும் பாத்து ஏத்து." ஏணிப் படம் ஒட்டிய சன்னல் கண்ணாடியைக் கையால் தட்டினார். "இதக் கிழிச்சிரு. வெளிச்சம் வரட்டும்."

பஸ் நகரும்போது கேட்டார்: "நீயாவது ஒரு ஓட்டுப் போட்டியா தாயி?"

"அத நான் பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டயே சொல்லமாட்டேன் அண்ணாச்சி. வெளமீன் நல்லா இருக்கு, வீட்டுக்கு எடுத்து வைக்கட்டுமா?"

பாஸ்கு முடிந்த திங்கட்கிழமை, சங்கரம்மாள் வீட்டு முற்றத்தில் கடவத்தை இறக்கியதும் மெட்டில்டா பாட ஆரம்பித்தாள். மேடையில் பாதியில் நின்றுபோன அதே துள்ளல் பாட்டு, நின்ற இடத்திலிருந்து.

சங்கரம்மாள் மகிழ்ச்சியோடு சுளகை எடுத்து வந்து உட்கார்ந்தாள். "அப்போ இன்னைக்கு வெல கொறச்சல்தான்."

"நாப்பது நாளா வாயக் கட்டி வச்சிருந்ததுக்குப் பாடுதேன். வெல அதே வெலதான்" என்று சொல்லிவிட்டு மெட்டில்டா சரணத்துக்குப் போனாள்.