சக்கரத்துக்கு ஒரு சாமந்தி மாலை

மேடவாக்கத்தில் சாலைக்கு அடியில் ஓடும் மழைநீர் வடிகால்தான் எனக்குத் தெரிந்த ஒரே குகை. ஏரியின் உபரிநீரைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குக் கொண்டுபோகும் கான்கிரீட் பெட்டி அது; நிமிர்ந்து நடக்க முடியாது. எங்கே விரிசல், எங்கே மண் அடைப்பு என்று உள்ளே போய்ப் படமெடுப்பது என் வேலை. டார்ச் பிடிக்க ஒரு அண்ணன் கூட வருவார். என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை சார் என்பார்.

உள்ளே போகலாமா என்பதைக் கைபேசி சொல்லும். ஏரி நிரம்பினால் நீர் வழியும் கலங்கல் அருகே ஒரு குழாய்க்குள் மிதவை இருக்கிறது. தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், அதன் கம்பி ஒரு சக்கரத்தைச் சுற்றும், நீர்மட்டம் கோடாகக் கைபேசிக்கு வந்துவிடும். கோடு கீழே இருந்தால் இறங்குவோம். "நம்பர் பார்த்துச் சொல்றவர்தான் முதல்ல இறங்கணும்" என்பது என் மனைவி போட்ட சட்டம். வீட்டுச் சட்டங்களுக்கு மேல்முறையீடு கிடையாது.

ஆயுத பூஜை முடிந்து மூன்றாம் நாள். முந்தின நாள் தாம்பரம் பக்கம் நல்ல மழை. கைபேசியிலோ கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேராக இருந்தது.

"நேத்து அவ்ளோ மழ பேஞ்சுது. இது இன்னா சார், அசையாம கீது?" என்றார் அண்ணன்.

"ஏரி பெருசுண்ணா. டேட்டா பொய் சொல்லாது" என்றேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

நூறடி போயிருப்போம். கணுக்காலில் இருந்த தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. திரும்புவதற்குள் இடுப்பு. குனிந்து நடப்பவனுக்கு இடுப்பிலிருந்து மூக்கு அதிக தூரமில்லை. செத்தோம் என்றே நினைத்தேன். என் படிப்பெல்லாம் சேர்ந்து "அண்ணா, அண்ணா" என்று கத்தியது. அவர் என் காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துவந்து மேன்ஹோல் வழியாக வெளியே தள்ளினார். பிறகுதான் அவர் ஏறினார்.

ஈரத்தோடு ஏரிக்கரைக்குப் போனோம். கருவியைச் செய்தவனின் பரம்பரையையே திட்டிக்கொண்டு தகர மூடியைத் திறந்தேன். சக்கரத்தில் சந்தனம், குங்குமம். அச்சைச் சுற்றி இறுகிக் கிடந்தது, வாடிய சாமந்தி மாலையின் நூல். பூஜையன்று பக்தியோடு நான் போட்ட மாலை. சக்கரம் மூன்று நாளாகச் சுற்றவேயில்லை.

"அண்ணா, இது நான் போட்டது" என்றேன்.

அவர் நூலை அச்சிலிருந்து பிய்த்தெடுத்தார்.

"பூவு நான் வாங்கியாந்தது சார். போட்டது நீங்க. ரெண்டு பேரு வூட்லயும் சொல்லிக்க வேணாம்."

நானும் சொல்லவில்லை. நான் எழுதுவதை முதலில் படிப்பவள் என் மனைவி என்பது இந்த வரிக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வருகிறது.