துரை கோயிலுக்கு ஓட்டிப் போன ஜீப்

அப்பாவின் ஜீப்பைப் பூந்தொட்டி ஆக்கப் போகிறார்கள் என்று தெரிந்த அன்று எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. கடற்கரைச் சாலையில் யாரோ புதிதாக ஓட்டல் கட்டுகிறார்களாம். வாசலில் பழைய ஜீப் ஒன்றை நிறுத்தி, மஞ்சள் பெயிண்ட் அடித்து, எஞ்சினைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மண் கொட்டிச் செடி வைப்பார்களாம். அண்ணன் இதைப் பெருமையாக வேறு சொன்னான்.

"வர்றவங்கல்லாம் பக்கத்துல நின்னு செல்ஃபி எடுப்பாங்கமா. அப்பாவுக்கும் பெருமைதானே?"

அப்பா அரசாங்க ஜீப் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு, தான் ஓட்டிய வண்டியையே ஏலத்தில் எடுத்து செவிலிமேட்டு வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பார். நான் பக்கத்து சீட். எப்போதாவது மனம் இளகினால் "நீ ஹாரன் அடிச்சிக்கோ" என்பார். நானும் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அடிப்பேன். அந்த வண்டியில் எனக்குக் கிடைத்த பதவி அவ்வளவுதான்.

அவர் போய் மூன்று வருடம் கழித்து, நாற்பத்திரண்டு வயதில், நானே லைசன்ஸ் வாங்கினேன். முதல் இரண்டு தடவை ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தைச் சாய்த்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த இரண்டு கம்பங்களை வைத்தே எங்கள் வீட்டில் என்னை எடைபோட்டார்கள். நான் சாவியை எடுத்தால் என் கணவர் பஸ் நிறுத்தம் பக்கம் நடக்க ஆரம்பித்துவிடுவார்.

ஆக, ஜீப்பை விற்காதே என்று நான் குதித்தபோது அண்ணன் சாவகாசமாகச் சொன்னான்:

"ஓட்டத் தெரியாதவளுக்கு ஜீப்பு எதுக்குமா? சரி, ஒண்ணு பண்ணு. ஞாயித்துக்கெழமை நாங்க துரை கோயிலுக்குப் போறோம். நீ ஓட்டிக்கினு வா. போய்த் திரும்பற வரைக்கும் ஸ்டியரிங் உன் கையை விட்டுப் போகக் கூடாது. நான் பக்கத்துல உக்காந்து பார்ப்பேன். வந்துட்டினா வண்டி உனுது. இல்லன்னா அன்னிக்கு சாயங்காலமே ஓட்டல்காரங்க லாரி வருது."

துரை கோயில் என்பது பாலாற்றுக்கு அக்கரையில், முள்ளுக்காட்டுக்கு நடுவில் இருக்கும் ஒரு இடிந்த சர்ச். வெள்ளைக்காரப் பாதிரியார்கள் கட்டியது. எந்தக் காலத்து வெள்ளமோ மணலைக் கொண்டுவந்து அதன் பாதி உயரத்துக்குக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. ரோடு கிடையாது. காய்ந்த ஆற்று மணலிலேயே நெடுந்தூரம் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். வெயில் காலத்தில் அந்த மணலுக்கு நடுவில் நின்றால் பாலைவனம் என்று எழுதிப் போர்டு வைக்க வேண்டியதுதான் பாக்கி.

எங்கள் படை இது: ஜீப்பில் நான், அண்ணன், அண்ணி. இரண்டு பைக்குகளில் தெருப் பையன்கள். பிறகு ஒரு குட்டி யானை, அதாவது சின்ன லோடு வண்டி. அதில் அண்ணனின் கூட்டாளிகளான பாவுக்காரர்கள் ஆறு பேர். தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்து இழுத்துப் பிடிக்கிறவர்கள். விடியற்காலையில் ஒரு பாவு வேலையை முடித்துவிட்டு, கயிறும் கையுமாக அப்படியே கிளம்பி வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவரை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம்.

அண்ணி அரக்குப் பட்டில் வந்து நின்றாள். கழுத்தில் சங்கிலி, தலையில் பூ. "ஜீப்ல மணலுக்குப் போறோம் அண்ணி" என்றேன்.

"அதுக்கு? கோயிலுக்குப் பட்டு கட்டாம நைட்டியிலயா வருவாங்க?" என்றாள். அவள் கிறிஸ்தவ வீட்டுப் பெண் வேறு. துரை கோயில் அவளைப் பொறுத்தவரை சொந்தக் கோயில். மேஸ்திரியும் பட்டுக்கரை வேட்டியில்தான் இருந்தார்.

பாலத்துக்குப் பக்கத்தில் ஆற்றில் இறங்கி, டயர்களில் காற்றைக் குறைத்தோம். குட்டி யானை இருபது அடியில் உட்கார்ந்துவிட்டது. அதைத் தள்ளிக் கரையேற்றி நிறுத்திவிட்டு, அதிலிருந்த ஆறு பேரும் என் ஜீப்பில் பின்னாலும் பக்கவாட்டிலும் தொற்றிக்கொண்டார்கள். பைக்குகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சாய்ந்தன. விழுகிறவனைத் தூக்கிவிடாமல் முதலில் எல்லோரும் சிரித்துத் தீர்த்தார்கள். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது கியரில் போய்க்கொண்டிருந்தேன். மணலில் நின்றால் போச்சு, நிற்காமல் போக வேண்டும். அது மட்டும் எனக்கு ஞாபகம். ஸ்டியரிங் தன் இஷ்டத்துக்கு இடமும் வலமும் நழுவியது. கொஞ்ச நேரத்தில் பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. நானும் கத்திக்கொண்டே ஓட்டினேன். ஒரு மேட்டில் ஏறி இறங்கியபோது அண்ணி இயேசுவையும் முருகனையும் சேர்த்தே கூப்பிட்டாள்.

துரை கோயிலில் மூன்று சுவர்கள், வளைந்த ஜன்னல் ஒன்று, உள்ளே ஏழெட்டு ஆடுகள். அண்ணி மெழுகுவர்த்தி ஏற்றி முட்டி போட்டு ஜெபித்தாள். பாவுக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று சுற்று சுற்றினார்கள். மேஸ்திரி ஒரு சிட்டிகை மணலை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார். எந்தச் சாமியாக இருந்தாலும் சுற்றாமல் வந்தால் கணக்கில்லையாம். புளிச்சோற்றைப் பிரித்ததும் ஆடுகள் எங்களோடு பந்தியில் உட்கார வந்தன.

திரும்பும்போதுதான் மாட்டினேன். பைக்குகள் முந்திக்கொண்டு போய்விட்டன. கரைக்குக் கொஞ்ச தூரம் இருக்கையில், ஒரு ஆடு பின்னாலேயே வருகிறதா என்று பார்க்க ஒரு நொடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வண்டி அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. முன் சக்கரத்துக்கும் இழுவை தருகிற குட்டி கியர் அப்பா காலத்திலேயே பேச்சை நிறுத்திவிட்டது. அழுத்த அழுத்த மணல்தான் பறந்தது.

அண்ணன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். "நாலு மணிக்கு லாரி வந்துடும். ஸ்டியரிங்க குடு, நான் எடுத்துடறேன்."

"குடுக்க மாட்டேன்."

"ராத்திரி வரைக்கும் இங்கயே உக்காந்துக்கினு இருப்பியா?"

"இருப்பேன்."

மேஸ்திரி முன்பக்கம் கயிறு கட்டினார். ஆறு பேரும் வரிசையாகப் பிடித்தார்கள். "சமமா... சமமா..." என்று அவர் குரல் கொடுக்க, அவர்கள் இழுத்தார்கள். இழுத்தார்கள் என்றால், கயிறு துளி தொய்யாமல், துளி அதிராமல், அத்தனை பதமாக. வண்டி அசையவே இல்லை.

"இன்னும் பலமா இழுங்க மேஸ்திரி" என்றேன்.

"இழுக்கறோம்மா. வெடுக்குனு இழுத்தா அறுந்துடும்."

"என்னா அறுந்துடும்?"

அவர் யோசித்தார். பின்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது முறையும் அதே பதம். பாவில் ஒரு இழை அறுந்தால் அந்த நாளே போச்சு என்று பழகிய கைகள். மூளை சொன்னாலும் கைகள் கேட்கவில்லை. நடுவில் ஒருவர் நின்று கயிற்றை விரலால் நீவி, தொய்வு இருக்கிறதா என்று வேறு பார்த்தார். அண்ணி சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. அப்படியே அழுகையும் வந்தது. எஞ்சின் இருந்த இடத்தில் செம்பருத்தி பூத்திருப்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. அவனுக்கு எதையும் யாராவது தப்பாகச் செய்தால் ஆகாது.

"யோவ், பொடவையாய்யா இது? ஜீப்பு. நவுருங்க" என்று பக்கத்து சீட்டிலிருந்து குதித்தான். கயிற்றின் முன்னால் போய்ப் பிடித்தான். "அறுந்தா அறுந்துட்டுப் போவுது. நான் சொன்னதும் எல்லாரும் வெடுக்குனு இழுக்கணும். ஏய், நீ மெதுவா கிளட்ச்ச விடு. மெதுவா. ம், இப்ப."

அவன் இழுத்த வேகத்தில் மற்றவர்களும் தங்களை மறந்து இழுத்தார்கள். வண்டி துள்ளி வெளியே வந்தது. மேஸ்திரி குப்புற விழுந்தார். கயிறு கொக்கியிலிருந்து கழன்றது. ஆனால் நான் நிறுத்த முடியுமா? நிறுத்தினால் மறுபடி இறங்கிவிடும். அவர்களைச் சுற்றிக்கொண்டு ஓட்டிக்கொண்டே இருந்தேன். கண்ணாடியில் பார்த்தால், பின்னால் அண்ணன் ஒற்றைச் செருப்போடு ஓடி வருகிறான். அவனுக்குப் பின்னால் ஆறு பேர். கடைசியில் அண்ணி, அரக்குப் பட்டை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. ஹாரனை அடித்துக்கொண்டே கரையேறி, கெட்டித் தரையில்தான் பிரேக் போட்டேன்.

அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். தலை முழுக்க மணல். தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. என்னைப் பார்த்தான். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன். இரண்டு கையும் அதன்மேல்தான் இருந்தன.

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்தான்.

"இல்ல சார், லாரி அனுப்பாதீங்க... ரிப்பேர்லாம் இல்ல சார், வண்டி நல்லாதான் இருக்குது." கொஞ்சம் நிறுத்தினான். "ஓட்டறதுக்கு ஆளு இருக்கறாங்க சார்."

போனை வைத்துவிட்டு, பக்கத்து சீட்டில், முப்பது வருடமாக நான் உட்கார்ந்த சீட்டில், ஏறி உட்கார்ந்தான். கால் மணலைத் தட்டினான். நான் கியரைப் போட்டேன்.

"ஹாரனாவது நான் அடிக்கலாமா?" என்று கேட்டான்.

"அடிச்சிக்கோ" என்றேன்.