7-214 எண் போட்ட மைக்ரோமீட்டர்

மவ்லூதாவுக்கு வாயை மூடிக்கொண்டு இருக்க வராது. தாஷ்கண்டில் ஞாயிறுதோறும் கூடும் பழைய சாமான் சந்தையில் அவள் இழுத்துக்கொண்ட வம்புகள் அத்தனைக்கும் அது ஒன்றுதான் காரணம்.

இருபத்தாறு வருஷம் ஒரு இயந்திரத் தொழிற்சாலையின் கருவி அறை அவள் பொறுப்பில் இருந்தது. தொழிலாளி ஜன்னலில் வந்து தன் எண் அடித்த பித்தளை வில்லையைக் கொடுப்பான். அவள் கருவியை எடுத்துக் கொடுத்து வில்லையைக் கொக்கியில் மாட்டுவாள். கருவி திரும்பினால் வில்லையும் திரும்பும். அரம், மரை வெட்டும் டேப், டை, ரீமர், கேஜ் என்று கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் கொடுத்தாலும் அளவோடு சொல்லிவிடுவாள். தொழிற்சாலை மூடியபின் அந்த ஞானத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? சந்தைக்குப் போனாள்.

அங்கே வயிற்றெரிச்சல்தான் மிச்சம். தார்ப்பாயில் பரப்பி வைத்திருக்கும் வியாபாரிகள் நல்ல உளியின் துருவைப் போக்குகிறேன் என்று கிரைண்டரில் கொடுத்து, செய்தவன் முத்திரையையும் சேர்த்து வழித்துவிடுவார்கள். மரம் செதுக்கும் நூறு வருஷத்து வாய்ச்சியின் பிடிக்குச் சிவப்புப் பெயின்ட் அடிப்பார்கள். "அக்கா, இது என்னக்கா?" என்று கூப்பிட்டுக் கேட்பார்கள். அவள் பொறுமையாகச் சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் முன்னாலேயே விலை மூன்று மடங்காகும். சொல்லாமல் நகர்ந்துவிடலாம் என்றால் நாக்கு கேட்காது.

ஒருமுறை ஒருவன் ஒரு இடுக்கியைக் காட்டி, "இது அமீர் ஆண்ட காலத்துப் பல் வைத்தியரோடது" என்று வெளியூர்க்காரர் ஒருவரிடம் உருகிக்கொண்டிருந்தான். பின்னால் நின்ற மவ்லூதா, "பல்லுதான், ஆனா ரம்பத்தோட பல்லு. அதை விரிச்சுவிடற இடுக்கி. இந்த வரிசையிலயே இன்னும் மூணு கிடக்கு" என்றாள். வெளியூர்க்காரர் இடுக்கியை வைத்துவிட்டுப் போய்விட்டார். வியாபாரி கையெடுத்துக் கும்பிட்டான். "அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அடுத்த வாரம் உடம்பு சரியில்லாம வீட்டுல இருங்க."

கணவர் துர்சுனும் அதையேதான் சொன்னார். டிராலிபஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "போறது சந்தைக்கு. வர்றது சண்டை போட்டுட்டு. காய்கறி வாங்கவாவது போறியா? அதுவும் இல்லை."

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு. ஷாமுரோத் என்பவனின் தார்ப்பாய் அருகே பத்துப் பேர் கூடி நின்றார்கள். ஷாமுரோத் சத்தமாக விலை சொல்லிக்கொண்டிருந்தான். "கை வலிக்காம, தரையில ஓடு சிதறாம அக்ரூட் உடைக்கிற கருவி! ஜெர்மன் இரும்பு!" மவ்லூதா எட்டிப் பார்த்தாள். அவன் கையில் இருந்தது மைக்ரோமீட்டர். அதன் வாய்க்கு நடுவே ஒரு அக்ரூட். அவன் கருவியின் தலையைத் திருகத் திருக, ஓடு படக்கென்று வெடித்தது. கூட்டம் சிரித்தது.

மவ்லூதாவுக்குத் தலைக்குள் ஏதோ வெடித்ததுபோல் இருந்தது.

"அடப் பாவி! வைடா கீழே! மயிரிழையில பத்துல ஒரு பங்கை அளக்கிறது அது! அதுல கொட்டை உடைக்கிறியே, நீ மனுஷனா?"

"வந்துட்டாங்கப்பா" என்றான் ஷாமுரோத். "அக்கா, அளக்கிறதுக்கு வாங்க இங்க ஆள் இல்லை. அக்ரூட் தின்ன ஊரே இருக்கு."

அவள் அதை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். பருப்புத் துணுக்கைத் துப்பட்டா நுனியால் துடைத்தாள். வளைவின் உட்புறம் இரும்பில் எழுதும் மின்பேனாவால் கீறிய எண் ஒன்று இருந்தது. 7-214. ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு, நாலின் வால் கொஞ்சம் நீளம். அவளுடைய கையெழுத்து.

"இது எங்கே கிடைச்சுது?" அவள் குரல் இறங்கிவிட்டதைக் கேட்டு ஷாமுரோத்தே கேலியை விட்டான்.

"உங்க பழைய ஃபேக்டரியை இடிச்சாங்கல்ல, அதுல இரும்பு அலமாரி மூணு எடுத்தேன். ஒண்ணைக் கவுத்துப் போட்டுச் சுரண்டறேன், இழுப்பறைக்கும் பின்தகட்டுக்கும் நடுவுல இருந்து இது பொத்துன்னு விழுந்துச்சு. ஏன்க்கா? திருட்டுச் சாமானா?"

அவள் தார்ப்பாயின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

1989இல் அந்த மைக்ரோமீட்டர் காணாமல் போனது. கடைசியாக வாங்கியவர் ஹம்தாம், கடைசல் பிரிவில் இருந்தவர், இருபத்தொன்பது வயது. அவருடைய வில்லை கொக்கியில் தொங்கியது. கருவி இல்லை. "நீங்க போன் பேசிட்டிருந்தீங்க, நான் ஜன்னல் பலகையில வச்சுட்டுப் போனேன்" என்றார் அவர். பிரிவுக் கூட்டத்தில் நூற்றைம்பது பேருக்கு முன்னால் மவ்லூதா எழுந்து நின்று, "என் அறையில ஒரு ஊசிகூடத் தொலையாது. திருப்பிக் கொடுக்கலைன்னா கொடுக்கலைதான்" என்றாள். தொழிற்சாலை வாயிலில் தப்புச் செய்தவர்கள் பெயர் எழுதும் பலகையில் ஹம்தாமின் பெயர் ஏறியது. கடைசலிலிருந்து முற்றத்தைக் கூட்டும் வேலைக்குத் தள்ளினார்கள். இரண்டு மாதத்தில் அவரே விலகிப் போய்விட்டார்.

ஜன்னல் பலகைக்கு அடியில்தான் அந்த அலமாரி நின்றது. இரண்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி; அதில் விழுவது அலமாரியின் மேல்தகட்டுச் சந்து வழியே இழுப்பறைக்குப் பின்னால் போய்விடும். அந்த இடைவெளியை இருபத்தாறு வருஷமும் அவள் பார்த்திருந்தாள். அதில் பென்சில்கூட விழுந்திருக்கிறது. ஒருநாளும் குனிந்து கை விட்டுப் பார்க்கவில்லை.

"நான் போட்ட நம்பர் இது. எனக்குக் கொடு" என்றாள்.

ஷாமுரோத் தாடியைச் சொறிந்தான். "உங்க நம்பரே இருக்குன்னா இது சாதாரணச் சாமான் இல்லையேக்கா."

"உன் அழிச்சாட்டியம் தாங்கலைடா."

"காசு வேணாம். இங்க கிடக்கிறது ஒவ்வொண்ணும் என்னன்னு சொல்லிட்டுப் போங்க. ஒண்ணுவிடாம."

இரண்டு மணி நேரம் சொன்னாள். பீப்பாய்க்காரரின் வளைந்த இழைப்புளி, சேணம் தைப்பவரின் துளையூசி, குழாய்க்கு மரை வெட்டும் டை, அதன் பிடியைத் தனியாக மண்வெட்டிக்குப் போட்டு வைத்திருந்த கொடுமை. அவன் துண்டு அட்டைகளில் எழுதி எழுதி வைத்தான். ரொட்டியில் புள்ளி குத்தும் அச்சை அவன் "தோல் துளைக்கிறது" என்று எழுதியதைப் பார்த்து, "உங்க வீட்டுல ரொட்டியே சுட்டதில்லையாடா?" என்று கத்தினாள். ஆனால் கத்தலில் வழக்கமான தெம்பு இல்லை.

வீட்டில் துர்சுன் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முப்பத்தாறு வருஷம் ஆச்சு. அவன் மறந்திருப்பான். நீயும் மறந்துடு" என்றார்.

"உங்களை நூத்தம்பது பேர் முன்னாடி திருடன்னு சொன்னா மறப்பீங்களா?"

"நீ திருடன்னு சொல்லலையே."

"வேற என்னங்க சொன்னேன்?"

பழைய ஆட்களுக்கெல்லாம் போன் போட்டு விசாரித்தாள். ஹம்தாம் பக்கத்து ஊரான சிர்ச்சிக்கில் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பதாகத் தெரிந்தது. புதன்கிழமை பஸ் ஏறினாள். வழி முழுக்க நாலு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

கடைக்கு வந்தவர்கள் முதல் வாக்கியத்தையே முடிக்க விடவில்லை. ஒருவன் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் போனதும் ஒரு பெண் வந்து, போன வாரம் சரிபண்ணிக் கொண்டுபோனது மறுபடி புகைகிறது என்று சண்டைக்கு நின்றாள். நரைத்த புருவமும் கிரீஸ் படிந்த கையுமாக ஹம்தாம் மவ்லூதாவை ஒருமுறை பார்த்துவிட்டு, "உங்களுக்கு எத்தனை இன்ச் குழாய்?" என்றார்.

"ஹம்தாம் அண்ணே, நான் மவ்லூதா. கருவி அறை."

அவர் கையில் இருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது. புகையும் மோட்டார்க்காரப் பெண்ணைப் பார்த்து, "நாளைக்கு வாங்கம்மா" என்றார்.

"நாளைக்கா? என் தோட்டம் காயுது!"

"காயட்டும்."

மவ்லூதா பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்து மேஜையில் வைத்தாள். கிடைத்த விதத்தைச் சொன்னாள். ஹம்தாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதைத் தொடாமலே குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"இது அது இல்லை" என்றார்.

"என்னது?"

"நான் வாங்கினது இதைவிடப் பெருசு."

"அண்ணே, என் கையால கீறின நம்பர் இது! உங்க வில்லைக்கு எதிரே பதிவேட்டுல எழுதின நம்பர்! எனக்குத் தெரியாதா?"

"அன்னிக்கும் இதேதான் சொன்னீங்க. எனக்குத் தெரியாதான்னு."

கடையின் பின்கதவு வழியாக ஹம்தாமின் மனைவி மஸ்தூரா தேநீரோடு வந்தாள். விஷயத்தை உள்ளிருந்தே கேட்டிருக்க வேண்டும். கிண்ணத்தை மவ்லூதாவின் முன்னால் நங்கென்று வைத்தாள்.

"அது அதுதான்னு அவருக்கும் தெரியும்" என்றாள் மஸ்தூரா. "பெரிசா இருந்துச்சுன்னு நினைச்சு நினைச்சே பெரிசாக்கிட்டார். அவங்க அப்பா அதே ஃபேக்டரியில வார்ப்படப் பிரிவுல இருந்தவர். வாயில் பலகையில மகன் பேரைப் பார்த்துட்டு வந்து, எடுத்திருந்தா கொடுத்துடுப்பான்னு கேட்டார். இவர் எடுக்கலைப்பான்னார். நம்பலை. சாகிறவரைக்கும் அப்பா நம்பலை. அதுக்கு என்ன கொண்டுவந்திருக்கீங்க?"

மவ்லூதா மனப்பாடம் செய்த நாலு வாக்கியத்தில் இதற்கு ஒரு சொல்கூட இல்லை. "ஒண்ணும் கொண்டுவரலை" என்றாள். "தப்பு என்னோடது. அதைச் சொல்ல வந்தேன்."

"இங்க சொல்லி என்ன?" என்றார் ஹம்தாம். "மூணு பேர் இருக்கோம். அன்னிக்கு நூத்தம்பது பேர் இருந்தாங்க."

தொழிற்சாலையின் பழைய ஆட்கள் வருஷா வருஷம் மே மாதத்தில் கால்வாய்க்கரைத் தேநீர்க்கடையில் கூடிப் புலாவ் சமைத்துச் சாப்பிடுவார்கள். ஹம்தாம் ஒருமுறையும் போனதில்லை. இந்த வருஷம் வருவதாகச் சொன்னார். அவள் அங்கே எழுந்து நின்று எல்லார் முன்னாலும் இதைச் சொல்ல வேண்டும் என்றார். மவ்லூதா தலையாட்டிவிட்டு, பஸ்ஸில் வரும்போது அவரையும் அவர் பிடிவாதத்தையும் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு வந்தாள்.

மே மாதம் அறுபது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேருக்குக் காது கேட்காது. மவ்லூதா எழுந்து, மைக்ரோமீட்டரைத் தூக்கிப் பிடித்து, "1989இல் ஹம்தாம் அண்ணன் இதைத் திருப்பிக் கொடுத்தார். என் அலமாரி இழுப்பறைக்குப் பின்னால விழுந்து கிடந்திருக்கு. நான் தேடலை. அவர் மேல பழி போட்டேன்" என்றாள்.

"யாரு செத்துட்டாங்க?" என்றார் மூலையில் ஒருவர்.

"யாரும் சாகலை! மைக்ரோமீட்டர்!"

"சத்தமாச் சொல்லுங்க, பின்னாடி கேக்கலை" என்றார் ஹம்தாம், வேண்டுமென்றே.

அவள் முதலிலிருந்து மறுபடி சொன்னாள். இந்த முறை கேட்டது. பிறகு பழைய ஃபிட்டர் ஒருவர் எழுந்தார். "அப்படின்னா 92இல் என் ரீமரும் அங்கதான் விழுந்திருக்கும்! நான் அப்பவே சொன்னேன்!" இன்னொருவர், "என் எட்டு எம்எம் டேப்!" வேறொருவர் டிரில் பிட்டுகள் ஒரு பெட்டியே அலமாரிக்குப் பின்னால் போனதாகச் சத்தியம் செய்தார். ஆளாளுக்கு எழுந்து தங்களைத் தாங்களே விடுதலை செய்துகொண்டார்கள்.

மவ்லூதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உட்காருங்க எல்லாரும்! உங்க ரீமரை நீங்க மச்சானுக்குக் கொடுத்தீங்க, அவரே எங்கிட்ட வந்து கூர் தீட்டக் கேட்டார்! நீங்க டேப்பை உடைச்சு மணலுக்குள்ள புதைச்சீங்க, நான் தோண்டி எடுத்தேன்! அந்தப் பெட்டி டிரில் பிட்டு இந்தக் கால்வாய்ல கிடந்தாலும் ஆச்சரியமில்லை! திருப்பிக் கொடுத்தது ஹம்தாம் அண்ணன் ஒருத்தர்தான்! அவர் ஒருத்தர்தான்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஹம்தாம் சிரிக்கவில்லை. கடைசி வாக்கியத்தை அவள் இரண்டுமுறை சொன்னபோது அவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மஸ்தூரா அவர் முதுகில் கை வைத்தாள். வார்ப்படப் பிரிவில் அவருடைய அப்பாவோடு வேலை செய்த தொண்ணூறு வயதுக்காரர் ஒருவர், தடியை ஊன்றி மெல்ல நடந்து வந்து, ஹம்தாமின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் தட்டிலிருந்த இறைச்சித் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

சாயங்காலம் ஹம்தாம் அவளோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தார். மைக்ரோமீட்டர் அவர் சட்டைப் பையில் இருந்தது.

"எங்க அப்பா இருக்கும்போது நீங்க அந்த அலமாரியை நகர்த்திப் பார்த்திருக்கலாம்" என்றார்.

"பார்த்திருக்கலாம்."

"எனக்கு மனசு இன்னும் ஆறலை."

"ஆறணும்னு நான் சொல்லலைண்ணே."

பஸ் வரவில்லை. மவ்லூதா சாலையை எட்டி எட்டிப் பார்த்து, இந்த வழித்தடமே உருப்படாது என்று முணுமுணுத்தாள். துர்சுன் ஓட்டிய காலத்திலும் இப்படித்தானா என்று ஹம்தாம் கேட்டார். அப்போது இதைவிட மோசம் என்றாள் அவள். பஸ் வரும்வரை அவர் கூடவே நின்றார்.