நாய் குரைக்கும் இசைத்தட்டு

சென்னையில் ஒரு கடையில் அந்த அட்டையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். கோட்டு அணிந்த நான்கு பேர் குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்து குடை பிடித்திருக்கிறார்கள். அந்தப் பழைய ராக் ஆல்பத்தை இத்தனை ஆண்டுகள் கழித்து மறுபடியும் இசைத்தட்டாகவே வெளியிட்டிருந்தார்கள்.

எழுபதுகளின் கடைசியில், கப்பலில் வேலை பார்த்த மாமா அதை ஆரணிக்குக் கொண்டுவந்தார். டிரம்ஸ் இடிக்கும், நாய்கள் குரைக்கும், ஒருவன் வாய்க்குள் தண்ணீரைக் கொப்பளித்துக்கொண்டே பாடுவான். எங்கள் வீட்டில் அக்காவுக்கு மட்டும்தான் அது பிடித்தது. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. சாயங்காலமானால் சத்தத்தை முழுதாகக் கூட்டிவைத்து, ஸ்பீக்கர் பெட்டியில் தோளைச் சாய்த்துக்கொண்டு கேட்பாள்.

"கொஞ்சம் கம்மியா வைம்மா. தெருவே நம்ம வீட்டப் பாத்துகினு கீது" என்று பட்டுக்கடையிலிருந்து திரும்பும் அப்பா கெஞ்சுவார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். திமிர் என்றே நினைத்தோம்.

பள்ளியில் என்னை 'நாய்ப்பாட்டு வீட்டுப் பொண்ணு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருநாள் அழுதுகொண்டே வந்தவள், அக்கா கிணற்றடியில் இருந்த நேரம் பார்த்து, தட்டை முழங்காலில் வைத்து உடைத்தேன். கைதவறி விழுந்துவிட்டதாகச் சொன்னேன். அக்கா திட்டவில்லை. துண்டுகளைப் பொறுக்கி ஒரு பழைய துணியில் முடிந்துவைத்தாள். அதன்பிறகு அவள் எந்தப் பாட்டும் போடவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, வேலூரில் ஒரு டாக்டர் அவள் காதைப் பார்த்துவிட்டு, கேட்கும் திறன் பல வருடங்களாகவே குறைந்துகொண்டு வந்திருக்கிறது என்றார். மற்ற பாட்டெல்லாம் அவளை எட்டவே இல்லை. அந்த இடியும் குரைப்பும்தான் எட்டியிருக்கின்றன. திரும்பிவரும் பஸ்ஸில் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இப்போது அக்கா சேத்துப்பட்டில் தனியாக இருக்கிறாள். காது அறவே கேட்காது. எதையும் எழுதித்தான் காட்டவேண்டும். புதுத் தட்டோடு ஒரு பிளேயரையும் ஸ்பீக்கரையும் அவள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் போட்டேன். ஸ்பீக்கரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மெல்லத் தலை அசைந்தது.

"அக்கா, அது கீழ விழல. நான்தான் ஒடச்சேன்" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்தபோது என் உதடு அசைந்துகொண்டிருந்திருக்க வேண்டும். "என்னாமோ சொன்னியே, எழுது" என்று தாளை நீட்டினாள்.

பேனாவைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தேன். பிறகு, 'பாட்டு நல்லா இருக்குது' என்று எழுதினேன்.

படித்துவிட்டு உரக்கச் சிரித்தாள்.

"பொய்யி. உனக்குத்தான் இது புடிக்கவே புடிக்காதே."